கலங்கரை விளக்கமும் கல்பாக்கத்து புஷ்ஷும்

நொச்சிக்குப்பத்துக் கரையில் நின்னு வடக்கே திரும்பினா கலங்கரை விளக்கம் தெரியும். 1977 ஜனவரியில் எரிய ஆரம்பிச்சது. சென்னைக்கு இது நாலாவது. முதலாவது 1796-ல் கோட்டைக்குள்ளே. அடுத்த ரெண்டும் (1844, 1894) இன்றைய ஹைகோர்ட் வளாகத்தில். அங்கே லென்ஸுக்கு என்ன வேலை? சிதறுற வெளிச்சத்தைச் சேர்த்து ஒரே திசையில் கடலுக்கு அனுப்புறது. அதையே தலைகீழா செஞ்சு, வெளிச்சத்தை ஒரு புள்ளியில் குவிச்சா இரும்பு உருகும். இந்தப் பதிவு அந்தப் புள்ளியைப் பத்தி.

1960-ல் மெய்மன் முதல் லேசரைக் காட்டினார். 1964-ல் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடிச்சவர் நம்மூர்க்காரர்: பாராமதியில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில். உலோகத்தை உருக்குற பலம் இதுக்கு இருந்தது.

படகு இன்ஜின் ஷாஃப்ட் தேய்ஞ்சா என்ன பண்றோம்? வெல்டிங் வெச்சு ஏத்தி, லேத்தில் கடைஞ்சு எடுப்போம். லேசரிலும் அதே கதைதான். ஒளி சின்னதா ஒரு உருகுகுளம் உண்டாக்கும்; நாசில் வழியா உலோகப் பவுடர் அதில் விழும்; வரி வரியா உறையும். சூடு கம்மி, அதனால் கோணலும் கம்மி.

சரி, கல்பாக்கத்துக்கு வருவோம். அங்கே வேக ஈனுலையில் திரவ சோடியத்துக்குள்ளே உரசுற பாகங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம இருக்க, மேலே கெட்டியான பூச்சு வேணும். வழக்கமான ஸ்டெல்லைட்டில் கோபால்ட் இருக்கு. நியூட்ரான் பட்டா அது கோபால்ட்-60 ஆகிடும். அரை ஆயுள் 5.27 வருஷம். பின்னாடி ரிப்பேருக்கு வர்ற தொழிலாளி உடம்புதான் அந்தக் கதிரை வாங்கணும். அதனால் நிக்கல் கலவையான கோல்மோனாயைத் தேர்ந்தெடுத்தாங்க. ஆனா சாதாரண வெல்டிங்கில் அடியில் இருக்கிற ஸ்டீல் நிறைய கலந்து, பூச்சோட கெட்டித்தன்மை போயிடும். இந்தூரில் இருக்கும் ராஜா ராமண்ணா மையம் 2000-களில் இதுக்கு வழி பண்ணிச்சு: கோல்மோனாய் புஷ்களை லேசரால் அடுக்கடுக்கா வளர்த்தே எடுத்தாங்க.

அந்த லேசரின் ஒளி (10.6 மைக்ரான்) சாதா கண்ணாடியில் புகாது. செம்புக் கண்ணாடியில் திருப்பி, ஜிங்க் செலினைடு லென்ஸில் குவிக்கணும். அப்படி ஒரே லென்ஸ் வெச்ச தலையில் புள்ளியைப் பெரிசாக்க, தலையையே தூக்கணும். தூக்கினா பவுடர் சரியா குளத்தில் விழாது!

பிறகு ஃபைபர் லேசர் வந்தது. அலைநீளம் சுமார் 1 மைக்ரான், கண்ணாடியில் சுலபமா போகும். 0.4 மி.மீ. ஃபைபர், 100 மி.மீ. கொலிமேட்டர், 200 மி.மீ. குவிலென்ஸ்னா புள்ளி 0.8 மி.மீ. கொலிமேட்டரை 50 ஆக்கினா 1.6 மி.மீ. இந்த மாத்தத்தை, உள்ளே லென்ஸை நகர்த்தியே செய்யுறதுதான் ஜூம் தலை. நாசில் இருந்த இடத்திலேயே இருக்கும். மெல்லிய சுவருக்குச் சின்னப் புள்ளி, அகலப் பரப்புக்குப் பெரிய புள்ளி.

ஆனா ஒண்ணு. புள்ளி ரெண்டு மடங்கானா பரப்பு நாலு மடங்கு. பவரை ஏத்தலைன்னா பவுடர் ஒட்டாது. குறுக்கிட்டு பவரைக் குறைக்கலைன்னா ஆழமா உருகி அடி ஸ்டீல் கலந்துடும். அப்புறம் எந்தக் கெட்டித்தன்மைக்காக இவ்வளவு பாடுபட்டோமோ, அதுவே போச்சு.