கூப்பன் அரிசியிலிருந்து அஸ்வெசும வரை

அம்மம்மா இன்றைக்கும் சங்கக்கடையைக் ‘கூப்பன் கடை’ என்றுதான் சொல்லுவா. அந்தச் சொல்லுக்குள்ள ஒரு வரலாறே கிடக்கு.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942இல், இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. 1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலையை அரசு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி அவ்வளவு பெரிய அரசியல்.

1979இல் கூப்பன் அரிசி நிறுத்தப்பட்டு, ஏழைக் குடும்பங்களுக்கு உணவு முத்திரை வந்தது. கொத்துக் கணக்கு ரூபாய்க் கணக்கானது. இங்கதான் பிரச்சினை. சந்தையில் விலை ஏறினாலும் கூப்பன் அரிசியின் அளவு குறையாது. முத்திரையிலோ அச்சடித்த ரூபாய் அப்படியே இருக்க, சாமான் விலை ஏறியது. 1984 ஆகும்போது அதன் உண்மையான பெறுமதி பாதிக்கும் கீழே போய்விட்டது. ஒருவரும் வீதிக்கு இறங்கவில்லை. ஏனென்றால், யாரும் எதையும் வெட்டியதாகத் தெரியவில்லை!

பிறகு 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும. இப்ப காசு நேரடியாக வங்கிக் கணக்குக்கே வருகிறது. பிள்ளையின் கொப்பியோ மருந்தோ, எது அவசரம் என்று குடும்பமே தீர்மானிக்கலாம். அது நல்ல மாற்றம்தான். 2025இல் மிக வறிய குடும்பங்களுக்கான 15,000 ரூபாய் 17,500 ஆனது. ஆனால் அதுவும் அரசு நினைத்தபோது வந்த உயர்வு. விலைவாசியோடு தானாக ஏறியதில்லை.

எனவே ‘எவ்வளவு தருகினம்?’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘அந்தக் காசுக்கு இன்றைக்கு எத்தனை கிலோ அரிசி வரும்?’ என்றும் கேட்கவேணும்.