வீடற்றவர்களுக்கு உதவச் செல்வோர் கவனிக்க வேண்டியவை

கோலாலம்பூரில் சௌகிட், மஸ்ஜிட் ஜாமேக், புடு, கோத்தா ராயா வட்டாரங்களில் கடைகள் அடைத்த பிறகு அஞ்சடியில் அட்டையை விரித்துப் படுப்பவர்களைப் பார்க்கலாம். தீபாவளி, பிறந்தநாள், நினைவு நாள் வந்தால் அவர்களுக்கு உணவுப் பொட்டலம் கொடுக்கச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல. நல்ல வழக்கம்தான். ஆனால், வாங்குபவரின் மானத்தைக் குறைக்காமல் கொடுப்பதற்குச் சில முறைகள் உண்டு.

யார் இவர்கள்?

எல்லாரும் பிச்சை எடுப்பவர்கள் அல்லர். உணவகத்தில் பாத்திரம் கழுவுவோர், பாதுகாவலர், நாள் கூலிக்குப் போவோர் எனச் சம்பாதிப்பவர்களும் உண்டு. அறை வாடகைக்கும் முன்பணத்துக்கும் அந்த வருமானம் எட்டுவதில்லை. நோய், குடும்பப் பிரிவு, மனநலக் குறைவு, போதைப் பழக்கம், சிறையிலிருந்து திரும்பிய பின் வேலை கிடைக்காதது எனக் காரணங்கள் பல. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றாகவே இருந்தன. தோட்டம் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டபோது இரண்டையும் சேர்த்து இழந்தவர்களின் கதை தமிழர்களுக்குப் புதிதல்ல.

பேசும் முறை

தூங்குபவரைத் தட்டி எழுப்பக்கூடாது. நின்றபடி குனிந்து பேசாமல், குந்தி உட்கார்ந்து பேசலாம். "ஐயா, அண்ணே, அக்கா, சாப்பிட்டீங்களா? சாப்பாடு வேணுமா?" என்று முதலில் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வற்புறுத்தக்கூடாது. "ஏன் இப்படி ஆனீங்க?" என்ற கேள்வி வேண்டாம், அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அட்டை, பை எதையும் தொடக்கூடாது; அதுவே அவருடைய வீடு. சமயப் பிரசாரத்தை உணவோடு சேர்க்கக்கூடாது. செய்ய முடியாததை வாக்களிக்கவும் கூடாது. தனியாகப் போகாமல் இருவர் மூவராகப் போவது நல்லது.

உணவு

சனிக்கிழமை இரவு ஒரே தெருவில் நான்கு குழுக்கள் வரலாம். செவ்வாய்க்கிழமை ஒருவரும் வராமல் போகலாம். ஏற்கெனவே அங்கு உணவு வழங்கும் குழுவிடம் நாளையும் தேவையையும் கேட்டுச் சேர்ந்து செய்தால் உணவு வீணாகாது. சமைத்த உணவை 4 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். தேங்காய்ப்பால் சேர்த்தது விரைவில் கெடும். பல இனத்தவரும் இருப்பதால் ஹலால் உணவும் சைவ உணவும் தேவை. பல் இல்லாத முதியவருக்கு மிருதுவானதைக் கொடுக்கலாம். குடிநீர், சவர்க்காரம், புதிய உள்ளாடை, சிலிப்பர், பெண்களுக்கு நாப்கின் ஆகியவையும் பயன்படும். குப்பையைத் திரும்ப எடுத்து வர வேண்டும். 2014 ஜூலையில் நகர மையத்தில் இலவச உணவு வழங்குவதைத் தடுக்கப்போவதாகக் கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தபோது, குப்பையும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

படம் வேண்டாம்

பொட்டலத்தை நீட்டியபடி எடுக்கும் படம் முகநூலில் ஏறினால், அவருடைய பிள்ளைகளும் பழைய முதலாளியும் பார்க்கக்கூடும். கையில் உணவு இருக்கும்போது கேட்கும் அனுமதிக்கு மறுப்புச் சொல்வது கடினம். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட, சமையலையும் பொட்டலங்களையும் படம் எடுத்தால் போதும்.

உணவுக்கு அப்பால்

அடையாள அட்டை தொலைந்தால் வேலை, வங்கிக் கணக்கு, நல உதவி எல்லாமே தடைபடும். அவர் விரும்பினால், தேசியப் பதிவு இலாகாவுக்கு உடன் சென்று படிவம் நிரப்ப உதவுவது பத்துப் பொட்டலங்களைவிடப் பெரிது. காலில் ஆறாத புண் இருந்தால் சொந்தமாக மருந்து கொடுக்காமல் அரசு கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லலாம்.

தங்குமிடம் தேடுவோருக்கு ஜாலான் பகாங்கில் மாநகர் மன்றத்தின் இடைத்தங்கல் மையம் உள்ளது. 15999 தாலியான் காசே எண்ணில் 24 மணி நேரமும் உதவி கேட்கலாம். ஆனால், அவரைக் கேட்காமல் அதிகாரிகளை அழைப்பது சிறிய விஷயமல்ல. 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டப்படி, மாஜிஸ்திரேட் உத்தரவின் பேரில் ஒருவரை நல இல்லத்தில் 3 ஆண்டுகள் வரை வைத்திருக்க முடியும். உயிருக்கு ஆபத்து என்றால் 999க்கு உடனே அழைக்க வேண்டும். குழந்தை ஆபத்தில் இருந்தால் 15999க்கும் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை நூறு பொட்டலங்களோடு போவதைவிட, மாதம் ஒருமுறை அதே தெருவுக்குப் போய்ப் பெயர் சொல்லிப் பேசுவது பயன் தரும். அட்டையைத் தொலைத்ததையும் புண் ஆறாததையும் அறிமுகமானவரிடம்தான் சொல்வார்கள்.