வானமே கூரையான அரங்கு

நாடகக் கலை பிறந்தது திறந்தவெளியில். கூரையும் திரையும் மின்விளக்கும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை. ஆயினும், மூடிய அரங்குகளே வழக்கமாகிவிட்ட இருபதாம் நூற்றாண்டில், ஒரு சிற்றூர் மீண்டும் வானத்தின் கீழ் நாடகம் நடத்தத் துணிந்தது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தின் தென்கோடியில், மலைகளுக்கிடையே அமைந்த ஆஷ்லாந்து அவ்வூர். அக்காலத்தில் அங்கு வாழ்ந்தோர் ஐயாயிரம் பேருக்கும் குறைவே.

அவ்வூரில் 1893-ஆம் ஆண்டு 'ஷடாக்குவா' இயக்கத்தினர் ஒரு மண்டபம் எழுப்பினர். கோடைதோறும் சிற்றூர் மக்களுக்குச் சொற்பொழிவும் இசையும் வழங்கிய கல்வி இயக்கம் அது. வானொலியும் திரைப்படமும் பரவியபின் அவ்வியக்கம் நலிந்தது. மண்டபத்தின் பெருங்கூரையும் 1933-இல் இறக்கப்பட்டது. எஞ்சி நின்றது வட்டமான வெறுஞ்சுவர் மட்டுமே.

பிறர் கண்ணுக்குப் பாழ்ச்சுவராகத் தோன்றிய அது, ஆங்கஸ் பௌமர் என்னும் இளம் ஆசிரியரின் கண்ணுக்கு வேறாகத் தோன்றியது. ஆஷ்லாந்து ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் 1931 முதல் பணியாற்றிவந்த அவர், ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் அரங்குகளின் பழைய வரைபடங்களை அறிந்தவர். அவ்வரங்குகளும் கூரையற்றவையே, வட்டச்சுவரால் சூழப்பட்டவையே. அந்த ஒப்புமையே ஒரு விழாவிற்கு வித்தாயிற்று.

காலமோ பொருளாதாரப் பெருமந்தக் காலம். நாடகத்திற்குச் செலவிட ஊரார் கையில் பணமில்லை. எனினும், சுதந்திர நாள் கொண்டாட்டத்தின் ஒரு பகுதியாக விழாவை நடத்த நகராட்சி இசைந்து, 400 டாலருக்கு மிகாமல் தர முன்வந்தது. அரசின் நிவாரணப் பணித் திட்டத்தைச் சேர்ந்த தொழிலாளர் மேடையமைக்க உதவினர். நாடகத்தால் நட்டமே வரும் என அஞ்சிய நகரத்தார், அதனை ஈடுகட்ட அதே மேடையில் பகற்பொழுதில் குத்துச்சண்டைப் போட்டி நடத்த விரும்பினர். பௌமர் மறுக்கவில்லை, எலிசபெத் காலத்து அரங்கச் சூழலுக்கு அத்தகைய கேளிக்கை அயலானதன்று என்பது அவர் கருத்து.

1935 ஜூலை 2-ஆம் நாள் 'பன்னிரண்டாம் இரவு' அரங்கேறியது. மறுநாள் 'வெனிஸ் வணிகன்'. ஷைலக்காக நடித்தவர் பௌமரே. 4-ஆம் நாள் மீண்டும் முதல் நாடகம். கணக்குப் பார்த்தபோது நட்டம் குத்துச்சண்டைக்கே. அதனை ஈடுகட்டியது நாடக வசூல்!

மூன்றே நாள் நிகழ்ந்த அப்பருவத்திலேயே பின்னாளைய முறையின் கரு அமைந்திருந்தமை குறிப்பிடத்தக்கது. ஒரே நாடகத்தைத் தொடர்ந்து நடத்தாமல், ஒரே குழுவினர் பல நாடகங்களை மாற்றி மாற்றி நடிப்பதே அம்முறை. இன்று மன்னனாக வருபவர் நாளை சேவகனாக வருவார். நடிகரின் திறன் ஒரே வேடத்தில் தேங்கிவிடுவதில்லை. பார்வையாளருக்கும் இதனால் நன்மையுண்டு. தொலைவிலிருந்து வருவோர் ஓரிரு நாள் தங்கிப் பல நாடகங்களைக் கண்டு செல்லலாம். அவ்வாறு தங்குவோரால் ஊரின் விடுதிகளும் கடைகளும் வாழ்ந்தன. கலையும் ஊரும் ஒன்றையொன்று தாங்கி நின்றது இவ்வாறே.

இடையூறுகளுக்கும் குறைவில்லை. 1940-இல் தீ விபத்து நேர்ந்தது. அதனைத் தொடர்ந்து உலகப் போர் குறுக்கிட, 1947-இல்தான் விழா மீண்டும் உயிர்பெற்றது. 1958-இல் 'ட்ரோய்லஸும் கிரெசிடாவும்' அரங்கேறியதோடு ஷேக்ஸ்பியரின் நாடகத் தொகுதி முழுவதையும் நடத்திய பெருமை அதற்குக் கிட்டியது. அடுத்த ஆண்டே, ரிச்சர்ட் ஹே வடிவமைத்த புதிய திறந்தவெளி அரங்கு எழுந்தது. பழைய லண்டனின் 'ஃபார்ச்சூன்' அரங்கே அதற்கு முன்மாதிரி. 1970-இல் பௌமர் பெயரால் உள்ளரங்கு ஒன்றும் அமைந்தது. விழாவிற்கு 1983-இல் டோனி விருது கிடைத்தது. அதனைக் காண நிறுவனர் இல்லை. அவர் 1979-இலேயே மறைந்துவிட்டார்.

திறந்தவெளி அரங்கின் அழகும் ஆபத்தும் வானமே. 2018 கோடையில் சுற்றுப்புறக் காடுகள் எரிந்து, புகை பள்ளத்தாக்கை நிறைத்தது. மழையை நடிகர் பொறுப்பர். நச்சுப் புகையை எவ்வாறு பொறுப்பது? இருபதுக்கும் மேற்பட்ட காட்சிகள் கைவிடப்பட்டன அல்லது உயர்நிலைப் பள்ளி அரங்கிற்கு மாற்றப்பட்டன. இழப்பு ஏறத்தாழ 20 லட்சம் டாலர். 2020-இல் கொள்ளைநோய் அரங்குகளை மூடியது. அதே செப்டம்பரில் ஆஷ்லாந்தில் மூண்ட தீ, அண்டையிலுள்ள டேலன்ட், ஃபீனிக்ஸ் ஊர்களில் 2,000-க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. 2023-இல் பருவத்தைக் காக்க 25 லட்சம் டாலர் வேண்டிப் பொதுமக்களிடம் விழா கையேந்த நேர்ந்தது.

400 டாலரில் தொடங்கிய விழா, லட்சக்கணக்கில் கேட்கும் நிலைக்கு வந்ததை வளர்ச்சி என்பதா, சுமை என்பதா? இரண்டுமே எனலாம். பெருகிய செலவை ஒரு கோடைப் புகையே நிலைகுலையச் செய்யும் என்பதை ஆஷ்லாந்து உணர்த்துகிறது. அதனோடு மற்றொன்றையும் உணர்த்துகிறது. கூரை இழந்த சுவர் அரங்கமானது கல்லால் அன்று. அதனுள் வந்தமர்ந்த மக்களால். அவர்கள் வரும்வரை அவ்வரங்கிற்கு வானமே போதுமான கூரை.