பழவங்காடியில் உச்சிப்பொழுது எப்போது?

திருவனந்தபுரம் பழவங்காடியின் பெயரில் ‘அங்காடி’ என்னும் பழந்தமிழ்ச் சொல் இன்றும் உயிரோடிருக்கிறது. மதுரைக்காஞ்சி பகற்சந்தையை நாளங்காடி என்றும் இரவுச்சந்தையை அல்லங்காடி என்றும் பிரித்துரைக்கும். அன்று பொழுதைப் பிரித்தது கதிரவன், கடிகாரம் அன்று. மனித உடல் இன்றும் அந்தப் பழைய ஒழுங்கிலேயே இயங்குகிறது. நெடுந்தொலைவு விமானப் பயணத்திற்குப் பின் வரும் உறக்கக் குழப்பத்தின் வரலாறு, கடிகாரம் கதிரவனை விட்டு விலகிய வரலாறேயாகும்.

பழவங்காடிக் கணபதி கோயிலிலிருந்து சற்று நடந்து கோட்டைக்குள் சென்றால், பத்மதீர்த்தக் குளத்தின் எதிரே மேத்தன் மணி நிற்கிறது. மணி அடிக்கும்போதெல்லாம் இரு ஆட்டுக்கிடாக்கள் தாடிக்கார முகத்தின் கன்னங்களில் முட்டும் 19ஆம் நூற்றாண்டுக் கடிகாரம் அது. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1837இல், இந்நகரில் வானாய்வகமும் அமைந்தது. அதன் முதல் வானியலாளர் ஜான் கால்டகாட். அக்காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் உச்சிப்பொழுதே 12 மணி. 1906இல் நடைமுறைக்கு வந்த இந்தியச் செந்தர நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. திருவனந்தபுரமோ ஏறத்தாழ 77ஆம் பாகையில் உள்ளது. ஆதலால் இங்கே கதிரவன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாக 12.22 காட்டும். இந்த 22 நிமிட வேறுபாட்டை உடல் பொருட்படுத்துவதில்லை.

கப்பற்பயணமும் உடலை வருத்தவில்லை. பம்பாயிலிருந்து இலண்டன் சேர இரண்டு மூன்று வாரங்கள் ஆயின. ஐந்தரை மணி நேர வேறுபாடு நாளொன்றுக்கு அரைமணிக்கும் குறைவாகப் பங்கிடப்பட்டது. 1935இல் டாட்டா நிறுவனத்தின் விமானம் பம்பாயிலிருந்து திருவனந்தபுரம் வரத் தொடங்கியபோதும் இச்சிக்கல் எழவில்லை. இரு நகரங்களின் கதிரவ நேரமும் கால்மணி அளவே வேறுபடுகிறது. விரைவு மட்டுமே காரணமன்று. கிழக்கு மேற்காக விரைவதே காரணம். 1960களில் ஆங்கிலத்தில் பிறந்த ‘ஜெட் லேக்’ என்னும் சொல் பழியை விமானத்தின் மீது போட்டு, இவ்வுண்மையை மறைத்துவிடுகிறது.

ஜெட் விமானங்களுக்கு முன்பே இதனை உணர்ந்தவர் அமெரிக்க விமானி வைலி போஸ்ட். 1931இல் எட்டு நாள்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் உலகைச் சுற்றிய அவர், புறப்படுமுன் தம் உறக்க நேரங்களை வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் பழகினார்.

உடலுக்குள் கடிகாரம் உண்டு என்பதற்கான தடயம் முதலில் செடியில் கிடைத்தது. 1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மைரான், தொட்டாற்சிணுங்கி வகைச் செடியை இருட்டில் வைத்தும் அதன் இலைகள் வேளை தவறாமல் விரிந்து குவிவதைக் கண்டார். தமிழ்நாட்டில் இத்துறையை வளர்த்தவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம். கே. சந்திரசேகரன். அவரும் மாணவர்களும் குகை வௌவால்களை ஆராய்ந்தனர். கூட்டம் வாழும் இருட்குகையில் அடைத்துவைத்த வௌவால், வெளிச்சம் காணாமலே தன் இனத்தோடு வேளை பிசகாமல் இயங்கியது. கூட்டமில்லாக் குகையில் அடைத்ததோ நாளுக்கு நாள் வேளை விலகிச் சென்றது. உட்கடிகாரம் தானே ஓடும். ஆனால் அதனைத் திருத்தப் புறத்தே ஒரு குறிப்பு வேண்டும் என்பதே இதன் பொருள்.

மனிதருக்கு அக்குறிப்புகளுள் தலையாயது ஒளி. நம் உட்கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணிக்குச் சற்று மிகுதி. ஆகவே பொழுதை நீட்டும் மேற்குப் பயணம் எளிது, சுருக்கும் கிழக்குப் பயணம் கடினம். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே உடல் நகரும். வழக்கமாக விழிக்கும் நேரத்திற்கு இரண்டு மூன்று மணி முன்பு உட்கடிகாரத்தின் திருப்புமுனை அமைகிறது. அதற்கு முன் படும் ஒளி உறக்கத்தைப் பின்தள்ளும். பின் படும் ஒளி முன்னிழுக்கும்.

குளிர்காலத்தில் இலண்டனிலிருந்து திருவனந்தபுரம் திரும்புபவருக்கு அத்திருப்புமுனை விடியற்காலை 4 மணி என்று கொண்டால், இங்கே அது காலை 9.30. வந்த மறுநாள் ஆறு மணிக்கே வெயிலில் உலவினால் உடல் எதிர்த்திசையில் நகரக்கூடும். முதல் நாள் காலையில் நிழலில் இருந்து, பத்து மணிக்குப் பின் வெளிச்சத்திற்கு வருவதே ஏற்றது. அடுத்தடுத்த நாள்களில் அந்நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னே கொண்டுவரலாம். புறப்படுமுன் சில நாள்கள் முன்கூட்டியே உறங்கி விழிப்பதும் உதவும். மெலடோனின் மாத்திரையை மருத்துவர் அறிவுரையோடு மட்டுமே கொள்ள வேண்டும்.

இந்நகரிலிருந்து துபாய்க்கு ஒன்றரை மணி வேறுபாடே. அதனை உடல் ஓரிரு நாளில் ஏற்கும். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கோ பருவத்தைப் பொறுத்து ஒன்பதரை அல்லது பத்தரை மணி. அங்கே இறங்கிய மறுநாளே பணியில் சேர்பவரும் வண்டி ஓட்டுபவரும், கைக்கடிகாரம் காட்டும் பகலில் தம் உடலின் நள்ளிரவைச் சுமந்து செல்கிறார்கள். கைக்கடிகாரத்தை ஒரு நொடியில் திருப்பிவிடலாம். உடலுக்குச் சில நாள் விடுப்பு வேண்டும்.