ஆடுதுறை 27-ம் அப்பாவின் குத்தகையும்

தண்ணீர் உறுதியாகக் கிடைக்கும் மாவட்டங்களில் விதை, உரம், கடன், ஆலோசனை நான்கையும் ஒருசேரக் கொடுத்தால் விளைச்சல் பெருகும். ஃபோர்டு அறக்கட்டளையின் வல்லுநர் குழு 1959-இல் இந்திய அரசுக்குச் சொன்ன யோசனையின் சாரம் இதுதான். 1960-61-இல் தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்கு முதலில் எடுத்துக்கொண்ட ஏழு மாவட்டங்களில் லூதியானாவோடு எங்கள் தஞ்சாவூரும் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் 'பேக்கேஜ் திட்டம்' என்றார்கள்.

திருவிடைமருதூரில் என் அப்பா ஒரு மிராசுதாரரிடம் பத்து மா நஞ்சையைக் குத்தகைக்கு உழுதார். சீட்டு கிடையாது, பேச்சுதான். களத்துமேட்டில் குறைவில்லாமல் அளந்துவிட்டால் அடுத்த வருஷமும் நிலம் உண்டு. சாகுபடிக்காரருக்கு விளைச்சலில் அறுபது சதவீதம் என்று 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் தான்தான் சாகுபடிக்காரர் என்று நிரூபிக்க அப்பாவிடம் எந்தக் காகிதமும் இல்லை. கேட்டால் நிலம் போய்விடும் என்ற பயமும் இருந்தது.

1965-இல் பக்கத்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற ஆடுதுறை 27 நெல் ரகம் வந்தது. நூற்றைந்து நாள் பயிர். குறுவைக்கு அளவெடுத்தது போன்ற நெல். போட்ட உரத்துக்கு விளைச்சல் கொடுக்கும், ஆனால் உரம் வாங்கப் பணம் வேண்டும். பயிரை நம்பிக் கடன் என்பதே திட்டத்தின் கொள்கை. பிற்காலத்தில் நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியபோது அந்தக் காலத்துப் பேரேடுகளைப் புரட்டியிருக்கிறேன். கடன் வாங்கியவர்கள் பட்டாதாரர்களே. அப்பாவைப் போன்றவர்கள் வட்டிக்கு வாங்கி உரம் போட்டார்கள். கூடுதலாக விளைந்ததில் பாதி வட்டிக்கே போயிற்று.

கூலிக்காரர்கள் நிலை இதைவிட மோசம். கீழ்த்தஞ்சையில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டம் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதில் முடிந்தது. கூலி உயர்வுக்கான சட்டமும் குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டமும் அதன் பிறகு, 1969-இல்தான் வந்தன. விதையும் உரமும் வந்து சேர்ந்த பிறகே உழுகிறவனின் பெயர் அரசுக்கு நினைவு வந்தது. இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பதே என் தீர்மானமான எண்ணம்.

டெல்டாவில் இன்றும் வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர்கள் இருக்கிறார்கள். பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் அடங்கல் என்ற கிராமச் சாகுபடிப் பதிவேட்டின் நகலைக் கேட்கிறார்கள். நிலம் வைத்திருப்போரே, உங்கள் வயலில் உழுகிறவரின் பெயர் அடங்கலில் ஏற மறுப்புச் சொல்லாதீர்கள்.