பரணில் கிடந்த ஃப்ளாப்பி: தமிழ் எழுத்துக் குறியீடுகளின் கதை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க: "பழைய தமிழ் ஃபைலைத் திறந்தா ஏன் கிறுக்கல் மாதிரி வருது?" ஒரு வரியில் பதில் சொல்லிடலாம்: அந்த ஃபைலுக்கான ஃபான்ட் உங்ககிட்ட இல்ல. ஆனா அதுக்குப் பின்னாடி பெரிய வரலாறு இருக்கு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு ஃப்ளாப்பி, அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2002-ல பெருங்களத்தூர் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் பேஜ்மேக்கர்லதான். ஒருநாள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருத்தர் நாலு நோட்டுப் புத்தகத்தோட வந்தார். நம்ம சுற்றுவட்டார ஏரிகள், கால்வாய்கள், மழைக்காலத்துல தண்ணி எந்தப் பக்கம் போகும், எல்லாத்தையும் நடந்து பார்த்து எழுதியிருந்தார். "தம்பி, பிழை இல்லாம அடிச்சிக் குடு" என்றார். ரெண்டு மாசம் அடிச்சேன். பிரிண்ட் ஒண்ணு, ஃப்ளாப்பி ஒண்ணு கொடுத்தேன். அவ்வளவுதான், மறந்துட்டேன்.

இப்போ அந்த ஃப்ளாப்பிக்குள்ளே என்ன இருந்ததுன்னு பார்ப்போம்.

அந்தக் காலத்துக் கணினியில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட். அதாவது 256 இடம். அதில் முதல் 128 ஏற்கெனவே ஆங்கிலத்துக்கு. நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247. எல்லாத்துக்கும் இடம் கிடையாது. அதனால எழுத்தை உடைச்சாங்க. கொம்பு தனியா, கால் தனியா, 'கு' 'மு' மாதிரி உருவம் மாறுறது மட்டும் முழுசா. உள்ளே பதிவாகிறது ஏதோ ஒரு ஐரோப்பிய எழுத்தின் எண். மேலே தெரியற படம் மட்டும் தமிழ். ஃபான்டை எடுத்துட்டா வேஷம் கலைஞ்சிடும்.

சிக்கல் என்னன்னா, எந்த எண்ணில் எந்த எழுத்தை உட்கார வைக்கிறதுன்னு ஒவ்வொரு நிறுவனமும் தனியா முடிவு பண்ணுச்சு. ஒருத்தர் 'க' வச்ச இடத்துல இன்னொருத்தர் 'று' வச்சார். ஒரு கடையில் அடிச்சது அடுத்த கடையில் திறக்காது.

இதைச் சரிபண்ண முதலில் தீவிரமா இறங்கினவங்கள்ல பலர் வெளிநாட்டுத் தமிழர்கள். கடிதம், மின்னஞ்சல் எல்லாம் தமிழில் போகணும்னு அவங்களுக்குத்தான் அவசரத் தேவை இருந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே 'முரசு' மென்பொருளைத் தொடங்கிட்டார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகிட்டிருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கினார். 1998 பொங்கலுக்கு அவர் முன்னின்று தொடங்கியதுதான் பழைய நூல்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டம். சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முயற்சியில் 1997-ல முதல் தமிழிணைய மாநாடு நடந்தது.

இதைத் தொடர்ந்து மின்னஞ்சல் குழுவில் மாசக்கணக்கா வாதாடி உருவாக்கினதுதான் திஸ்கி. யாரும் சம்பளம் வாங்கலை, யாரும் ஆணை போடலை. ஆங்கிலத்தை முதல் 128-ல அப்படியே விட்டுட்டு, மீதி இடத்துல தமிழை எப்படி அடுக்குறதுன்னு இவங்களே பேசி ஒத்துக்கிட்டாங்க.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நாடு அரசு நடத்திய 'தமிழ்நெட் 99' மாநாட்டில் வேற ரெண்டு குறியீடுகள் வந்தன: ஆங்கிலமும் தமிழும் சேர்ந்த 'டாப்', தமிழ் மட்டும் உள்ள 'டாம்'. ஆக, ஒண்ணு வேணும்னு கேட்ட இடத்துல மூணு தரம்! ஆனா அதே மாநாடு கொடுத்த தமிழ்99 விசைப்பலகை இன்னைக்கும் நிக்குது. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. 'அமமா'ன்னு அடிச்சா புள்ளி தானா விழுந்து 'அம்மா' ஆயிடும்.

இதுக்கு நடுவுல யூனிகோடு 1991-லேயே வந்தாச்சு. அதில் தமிழுக்கு 128 இடம். இந்திய அரசின் இஸ்கி தரத்தை அப்படியே அடிப்படையா எடுத்ததால, எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே வரிசை. அதனாலதான் 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவுல மூணு இடம் இன்னைக்கும் காலியா கிடக்கு. இந்தியில் அந்த மூணு இடத்துல வேற ககரங்கள் இருக்கு, நம்மகிட்ட இல்ல. "எங்க மொழிக்கு இது பொருந்தலை, ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் குடு"ன்னு பெரிய வாக்குவாதம். அந்தக் கோரிக்கையிலிருந்து பிறந்ததுதான் டேஸ்-16. 2010-ல கோவை செம்மொழி மாநாட்டு சமயத்துல தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் ஏற்று ஆணை போட்டது.

வாதத்தில் நியாயம் இருந்தது, நான் மறுக்கலை. ஆனா அதுக்குள்ள முடிவு வேற இடத்துல ஆயிடுச்சு. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோட யூனிகோடு தமிழைக் கொண்டுவந்தது. எக்ஸ்பியில் கன்ட்ரோல் பேனல் போய் ஒரு டிக் போட்டு, சிடியும் போட்டாத்தான் தமிழ் ஒழுங்கா வரும், ஞாபகம் இருக்கா? 2003-ல தமிழ் விக்கிப்பீடியா. அதே காலத்துல வலைப்பதிவுகள். இகலப்பை தட்டச்சு, அதிராம்பட்டினம் உமர்தம்பியின் தேனீ எழுத்துரு, சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி எல்லாமே இலவசம். எழுதுறவங்க போன பக்கம்தான் மொழியும் போச்சு.

சரி, ஃப்ளாப்பிக்கு வருவோம்.

2015 டிசம்பர் வெள்ளம் நம்ம பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முடிச்சூர்ப் பக்கம் இருந்த அந்த ஆசிரியரோட மகள் வீட்டுக்குள்ளேயும் தண்ணி. ஐயா அதுக்கு முன்னாடியே தவறிட்டார். நோட்டுப் புத்தகங்களும் பிரிண்டும் ஊறிப்போச்சு. பரண்ல ஒரு பிஸ்கட் டப்பாவில் ஃப்ளாப்பி மட்டும் காய்ஞ்சு இருந்தது. அடுத்த மாசம் அந்த அக்கா என்னைத் தேடி வந்தாங்க. "தம்பி, அப்பா எழுதினது இதுல இருக்கா பாரு."

ரிச்சி ஸ்ட்ரீட்ல யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் வாங்கினேன். நல்லவேளை, பேஜ்மேக்கர் ஃபைலோட ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் இருந்தது. திறந்தா முழுக்கக் கொம்பும் வாலும் வச்ச ஐரோப்பிய எழுத்துகள். நான் அடிச்சது, எனக்கே படிக்கத் தெரியலை. கடை மூடி வருஷமாச்சு. அந்த ஃபான்ட் பேக்கேஜ், பிரிண்டர் போர்ட்ல மாட்டுற பூட்டோட வந்தது. அதுவும் போச்சு. எந்த மாற்றியிலும் அந்த ஃபான்ட் பேர் இல்ல.

வீட்டில் பிரிண்ட் எடுத்ததில் ஒரே ஒரு பக்கம் படிக்கிற மாதிரி மிஞ்சியிருந்தது. அதை வச்சு எந்தக் குறி எந்த எழுத்துன்னு கையால அட்டவணை போட்டேன். அப்புறம் பைத்தானில் ஒரு சின்ன நிரல். முக்கியமான வேலை கொம்பை நகர்த்துறது: பழைய முறையில் 'கெ'வுக்கு முதலில் கொம்பு, பிறகு 'க'. யூனிகோடில் முதலில் 'க', பிறகுதான் கொம்பு.

ஓடவிட்டேன். பக்கம் பக்கமா தமிழ் வந்தது. ஆனா ஒரு சொல் மட்டும் எல்லா இடத்துலயும் தப்பு: 'வௌ்ளம்'. காரணம் இதுதான்: அந்த ஃபான்டில் புள்ளி தனிக் குறி. 'ள'வுக்கும் ஔகாரத்தின் வாலுக்கும் ஒரே குறி. 'வெள்ளம்'னு அடிச்சதை நிரல் 'வௌ'ன்னு சேர்த்துடுச்சு. பழைய தமிழ் வலைப்பக்கங்களில் 'வௌியீடு'ன்னு பார்த்திருப்பீங்க, அதுவும் இப்படி வந்ததுதான். தண்ணி போற வழியைப் பத்தின புத்தகத்துல 'வெள்ளம்' எத்தனை தடவை வரும்னு யோசிச்சுப் பாருங்க. உட்கார்ந்து ஒவ்வொண்ணா திருத்தினேன்.

கடைசி ஆறு பக்கம் வரவே இல்லை. ஃப்ளாப்பியில் அந்த இடம் கெட்டுப்போயிருந்தது. மீதியை அந்த அக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன். அவங்க தெருவில் தண்ணி ஏறின பக்கத்தைப் பத்தி ஐயா எழுதியிருந்தார். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசலை.

இப்போ தேடுபொறி, மொழி மாதிரி, செயற்கை நுண்ணறிவுன்னு பேசுறோம். யூனிகோடில் இல்லாத தமிழ் அதுங்க கண்ணுக்குத் தமிழே இல்ல. பழைய டிடிபி கடைகள், சிற்றிதழ்கள், ஊர்ச் சங்கங்கள் வச்சிருக்கற ஃபைல்கள் இன்னும் அந்த ஐரோப்பிய வேஷத்துலயே கிடக்கு.

உங்க வீட்டில் பழைய சிடி, ஃப்ளாப்பி இருந்தா மூணு விஷயம் செய்ங்க. ஃபைலோட ஃபான்டையும் சேர்த்துக் காப்பி எடுங்க. அச்சான பக்கம் ஒண்ணாவது பத்திரமா வைங்க. மாற்றின பிறகு 'வௌ'ன்னு தேடிப் பாருங்க. மாட்டிக்கிட்டா எழுதுங்க, சேர்ந்து பார்ப்போம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.