மக்காவு: கடல் தெய்வம் பெயர் தந்த ஊர்

மக்காவு என்றாலே பலருக்கும் சூதாட்ட விடுதிகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் தென்சீனக் கரையில் உள்ள இந்த ஊருக்குப் பெயர் தந்தது ஒரு கோயில்!

16-ஆம் நூற்றாண்டில் வந்திறங்கிய போர்த்துகீசியர்கள் இடத்தின் பெயரைக் கேட்க, உள்ளூர்க்காரர்கள் 'ஆ-மா விரிகுடா' என்று தங்கள் மொழியில் சொன்னார்களாம். அது மருவி மக்காவு ஆனது என்பார்கள்.

யார் இந்த ஆ-மா? ஃபூஜியன் பகுதியின் மெய்சோ தீவில் 960-இல் பிறந்த லின் மோ என்ற பெண் என்கிறது மரபு. புயலில் சிக்கியவர்களைக் காப்பாற்றுவாளாம். இளவயதில் இறந்தவளை மீனவர்கள் தெய்வமாக்கிவிட்டார்கள். அவள் வந்த கப்பல் என்று கோயில் பாறையில் ஒரு பாய்மரக் கப்பலே செதுக்கியிருக்கிறார்கள்.

கோயில் கட்டியது 1488-இல் என்பது வழக்கு. போர்த்துகீசியர்கள் குடியேறியதோ 1557-இல்தான். அவர்கள் 1999-இல் கிளம்பிவிட்டார்கள். கோயில் 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2016 பிப்ரவரியில் தீவிபத்தில் பிரதான மண்டபம் சேதமடைந்தது, பிறகு சீரமைத்தார்கள். கூரையிலிருந்து தொங்கும் சுருள் ஊதுவத்திகள் இன்றும் புகைகின்றன.